பத்துப் பேர் பார்த்தது

வைகாசி நாலு, ஞாயிற்றுக்கிழமை.
தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயில்.
மணிமுத்தாறு சோதனைச் சாவடியில்
தலை எண்ணினார் வனக்காவலர்:
பன்னிரண்டு.
ஞானதிரவியத்தின் பையில்
இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலும் ஓர் ஊறுகாய்ப் பொட்டலமும்
பிடிபட்டன.

பிரிவு அலுவலகம் மொத்தமும் மலையேறிவிட்டால்
வீரவநல்லூரில் கம்பி அறுந்தால் யார் பார்ப்பது?
"ஒரு நாளு இருட்டுல கிடக்கட்டும்டே"
என்றார் பிரம்மநாயகம்,
ஓய்வுக்கு எட்டு மாதம் இருப்பவர்,
ராத்திரியிலும் போனை அணைத்தறியாதவர்.

வேன் நின்ற இடத்துக்கு மேலே
வெட்டாமல் விட்ட தேயிலை
மரமாகிவிடலாமா என்ற யோசனையில் ஆளுயரம் நின்றது.
அப்புறம் சோலை. இருட்டு, ஈரம்,
மசூதின் கெண்டைக்காலில் ஓர் அட்டை,
அதற்கு அவன் போட்ட சத்தத்தில்
கிளையை விட்டுக் கிளம்பிய ஓர் இருவாச்சி.
அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல்
புல்.

முழங்கால் வரைக்கும் புல்.
கோடைமழை ஒன்று பெய்து அடியில் பச்சை, நுனியில் வைக்கோல்.
காற்று எந்தப் பக்கம் தடவுகிறதோ
அந்தப் பக்கத்து நிறம்.
என் கண் தானாகக் கம்பம் தேடியது.
இருபத்தோரு வருட உத்தியோகத்தில்
ஒரு மின்கம்பம்கூட நடாத வெளியை
இப்போதுதான் பார்க்கிறேன்.
பார்வையை எதில் மாட்டிவைப்பது என்று தெரியவில்லை.

"அன்னா தெரியுதுல்லா மொட்டப் பாறை,
அதுக்கு அங்கிட்டுதான்" என்று
வழிகாட்ட வந்த காணி கைநீட்டினபோது
உலகம்மாளின் ஷூ வாயைப் பிளந்தது.
அடிப்பாகம் முழுசாகக் கழன்று
தவளை மாதிரி புல்லுக்குள் கிடந்தது.
காட்டெருமை வரும் இடம்,
ஒற்றை ஆளை விட்டுப் போகக் கூடாதாம்.
எல்லோரும் குனிந்து அவரவர் ஷூவைப் பார்த்தார்கள்.
"நான் இருக்கேன்."
சொன்னது என் குரல்தான் என்று
அவர்கள் பாறையை நெருங்கின பிறகே உறைத்தது.

நானும் அவளும் பேசிப் பதினோரு மாதம்.
காரணம் ஒரு மின்விசிறி.
உன் மேஜைக்கு நேராகவா, என் மேஜைக்கு நேராகவா
என்று ஆரம்பித்து
அவள் வீட்டுச் சம்பந்தம், என் பதவி உயர்வு வரைக்கும்
போய்த் திரும்பாத பேச்சு.

உட்கார்ந்தோம். நடுவில் அவள் பை.
காற்று வந்தது,
மீட்டர் இல்லை, ரீடிங் இல்லை, நிலுவை இல்லை,
என் முடியை அள்ளி அவள் முகத்தில் போட்டது,
அவள் துப்பட்டாவை என் வாய்க்குள் போட்டது.
ரொம்ப நேரம் கழித்து
"புளியோதரை இருக்கு" என்றாள்.
"உப்பு கம்மி" என்றேன், தின்று முடித்த பிறகு.
"தெரியும்" என்றாள்.

ஷூவைக் கட்டக் கயிறு இல்லை.
கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.
இறங்கும் வழியெல்லாம்
என் போட்டோ அவள் கணுக்காலில் அடித்துக்கொண்டே வந்தது.

மேலே போன பத்துப் பேரும்
பத்து மலைக்குப் போய்வந்திருந்தார்கள்.
மூன்று அணை என்றான் மசூது.
ரெண்டுதான், மூணாவது மேகத்தோட நிழல் என்றாள் ஜெபக்கனி.
கடலே தெரிந்தது என்று
பெற்ற பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார் பிரம்மநாயகம்.
"ஒரே மூடாக்கு, ஒண்ணுந் தெரியல"
என்ற செந்தூர்பாண்டியை யாரும் சட்டை செய்யவில்லை.
ஞானதிரவியம் மட்டும்
பவர்ஹவுஸிலிருந்து இறங்கும் உயரழுத்தக் கம்பியோடு
அம்பை வரைக்கும் கண்ணாலேயே நடந்து போய்
ஓரிடத்தில் தொய்வு என்று
உள்ளங்கையில் எழுதி வந்திருந்தான்.
போட்டோக்களில் எல்லாம் தலைகள்,
தலைகளுக்குப் பின்னால் வெள்ளை.

நீங்க ரெண்டு பேரும் என்ன பார்த்தீங்க என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மின்விசிறி பழைய இடத்திலேயே சுற்றியது.
பதினொன்றரைக்கு மின்தடை.
எங்கள் அலுவலகத்திலேயே.
மூன்று இறக்கையும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தபோது
உலகம்மாள் ஒரு கோப்பை எடுத்து விசிறினாள்.
தனக்கா, எனக்கா,
தெரியவில்லை.
என் மேஜைமேல் இருந்த ரசீது ஒன்று
மெதுவாக எழுந்து
உட்கார்ந்தது.