துவைக்காத காலுறைகள்

அணி ஜெயிக்குமா என்று
மீன் சந்தையில் என்னைத்தான் கேட்கிறார்கள்.
பயிற்சியாளர் "மரியாதையோடு ஆடுவோம்" என்கிறார்.
வானொலி நூற்றுக்கு நான்கு என்கிறது.
நான் சலவைக்காரி, பெயர் இவனில்டா.
என் கைக்கு வருவது அழுக்கு மட்டும்.

அழுக்குக்குப் பூசி மெழுகத் தெரியாது.
கேப்டன் அடெலினோவின் இடது காலுறையை உதறினால்
செயற்கைப் புல்லின் கறுப்புத் துகள்
ஒரு கைப்பிடி கொட்டும்.
வலதை உதறினால்
ஒன்றுமில்லை.
மூன்று வாரமாக ஒன்றுமில்லை.
அந்தப் பக்கம் அவன் சறுக்குவதே இல்லை.
மருத்துவரிடம் அவன் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

கோல்கீப்பர் ஜசிந்தோவின் கையுறையில் பல் தடம்.
ரோட்டர்டாமிலிருந்து வந்த பையன்
அழுக்குச் சட்டையையும் மடித்துத் தருகிறான்.
அவன் அம்மா கப்பலில் சமைத்தவளாம்.

இருபத்தாறு பேர், ஒன்பது ஊர்.
லிஸ்பன் கிரியோல், பாஸ்டன் கிரியோல்,
எங்கள் பிரையாவின் கிரியோல்.
முதல் வாரம் ஒருவன் "இடப்பக்கம்" என்று கத்தினால்
இரண்டு பேர் சிரிப்பார்கள்,
ஒருவன் வலப்பக்கம் ஓடுவான்.
இப்போது எல்லாரும் சரியாக ஓடுகிறார்கள்.
சிரிப்பைக் காணோம்.
எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

செவ்வாய்க்கிழமை சகாரா வந்தது.
கடல் தாண்டிய புழுதி மைதானத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது.
எதிர்க் கோல்கம்பம் தெரியவில்லை.
பயிற்சியாளர் நிறுத்தவில்லை.
பந்து புழுதிக்குள் போகும்,
உதைத்த சத்தம் மட்டும் திரும்பி வரும்.
கொடியில் போட்ட நீலச் சட்டைகள்
சாயங்காலத்துக்குள் துரு நிறம்.
மறுபடி துவை.
தண்ணீர் லாரி வெள்ளிக்கிழமைதான் வரும்.
கடல்நீரில் உப்பை எடுத்த தண்ணீர்;
வாளிக்கு வாளி கையெழுத்து.

புதன் இரவு
யாருடைய கடவுச்சீட்டோ கடைசியில் வந்து சேர்ந்தது.
போர்ச்சுகல் கிளப்பில் பதினொரு கோல் அடித்தவன்.
விமானத்தில் இருபத்தாறு இருக்கை.
பட்டியலில் பத்தொன்பதாம் எண்ணுக்கு எதிரே
பேனா ஒரு கோடு இழுத்தது.

புதுச் சட்டைகள் லிஸ்பன் சுங்கத்தில் கிடக்கின்றன.
எண் இருக்கட்டும், பெயரை மட்டும் உரி என்றார்கள்.
இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி
எழுத்துகளின் மேல் ஈரத்துணியை விரித்தபோது
அவனே வாசலில் நின்றான், மிரோ,
பூட்ஸ் வாங்கிப்போக.

"கொடு, நான் உரிக்கிறேன்."

நான்கே எழுத்து.
நகத்தால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்தான்,
எடுத்ததை மேசை விளிம்பில் ஒட்டினான்.
கடைசி எழுத்து, அந்த வட்டம்,
வர மாட்டேன் என்றது.
"இது ஒன்றாவது பிடிவாதமாக இருக்கிறதே" என்றான்,
மறுபடி சூடு வைத்தான்.
வந்தது. ஆனாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்
நீலத்தில் ஒரு வளையம் மினுங்கியது.
அதன் மேல்தான் இன்னொருவன் பெயர் வரும்.

"ஜெயிப்பார்களா?" என்று கேட்டான்.
நேற்றுவரை "ஜெயிப்போமா" என்று கேட்டவன்.

என்ன சொல்வது?
வாயில் வந்துவிட்டது அந்த வலது காலுறை.
யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன்.

மிரோ திகைக்கவில்லை.
பூட்ஸின் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து
தோளில் போட்டுக்கொண்டான்.
"தெரியும்.
அவன் விட்ட பக்கமெல்லாம்
நான்தானே ஓடிக்கொண்டிருந்தேன்."

அவன் போன பிறகு
இயந்திரத்தில் சோப்பு போட்டேன், கதவைச் சாத்தினேன்,
பொத்தானை அழுத்தவில்லை.
மறுபடி திறந்து
கூடைக்கு அடியில் தேடி எடுத்தேன்.

மருத்துவரின் அறை இரண்டாம் மாடியில்.
விளக்கு எரிந்தது.
வராந்தாவெல்லாம் புழுதியில் என் செருப்புத் தடம்.
கதவைத் தட்டியபோது
என் கையில் இருந்தவை
துவைக்காத இரண்டு காலுறைகள்.