அபசாரி தரப்பு

கோப்பில் எனக்கு அபசாரி என்று பெயர்.
அகராதியில் தேடினால்
அது வேறு மாதிரிப் பெண்ணைச் சொல்கிறது.
வெள்ளகோவிலில் கேளுங்கள்,
சாரதாமணி ஏட்டம்மா என்பார்கள்.

குறிப்பாணை மூன்று பக்கம்.
பதினைந்து நாளில் விளக்கம் தரலாம்.
ஆவணங்களைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.
சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம்.
சீருடை போட்டு இருபத்தோரு வருசம்,
இத்தனை 'லாம்' இருப்பதை
இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன்.

காங்கேயம், துணைக் கண்காணிப்பாளர் அலுவலகம்.
ஆடிக்காற்று சன்னலை அறைந்துகொண்டே இருக்கிறது.
தாள் பறக்காமலிருக்க மேலே ஒரு தேங்காய்த் தொட்டி.
எதிர் நாற்காலியில் பொங்கியண்ணன்,
மட்டை லோடு டெம்போக்காரன்.
சட்டையை இஸ்திரி போட்டு வந்திருக்கிறான்.

"மூலனூர் ரோட்டுல நான் எவ்வளவு வாங்குனேனுங்க?"
ரோட்டில் 'டா' போட்டவள்
இங்கே 'ங்க' போடுகிறேன்.
"ஐந்நூறுங்க."
"ஒரே நோட்டுங்களா?"
"நூறு நூறா... அஞ்சுங்க."
"புகார்ல ஒரே நோட்டுன்னு இருக்குதுங்களே."

எழுத்தர் தட்டுவதை நிறுத்தினார்.
விசாரணை அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.
அதோடு நான் விட்டிருக்கலாம்.
நாக்கு இன்னும் ரெண்டு கேள்வி கேட்டது,
அதற்கு ருசி கண்டுவிட்டது.

காசு நான் வாங்கவில்லை.
பொய், பச்சைப் பொய்.
பதவி உயர்வு நின்றுவிடும், சம்பளத்தில் கை வைப்பார்கள்,
பெருந்துறையில் மகளுக்கு நர்சிங் ரெண்டாம் வருசம்.
மறுக்க எனக்கு உரிமை இருக்கிறது.
மறுத்தேன்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக் குனிந்தவன்
என் பக்கமாக மெல்லச் சொன்னான்:
"ஏனுங்க மேடம்,
நான் அந்த அறையத்தான் எழுதச் சொன்னேனுங்க.
மனு எழுதறவருதான்
அதெல்லாம் நிக்காது,
பணம்னு போட்டாத்தான் நிக்கும்னுட்டாருங்க."

இடது கன்னம்.
கிளீனர் சீட்டில் அவன் பையன் இருந்தான்,
மடியில் பள்ளிக்கூடப் பை.
அறை விழுந்ததும்
பையின் ஜிப்பைத் திறந்தான், மூடினான், திறந்தான்.
ஆர்.சி. புத்தகத்தை
வண்டிக்குள் தேடிக்கொண்டிருந்தவன் அப்பன்.
அவன் விளக்கம் சொல்ல
நான் எத்தனை நொடி கொடுத்தேன்?

மூன்று பக்கத்திலும் அந்த அறை இல்லை.
கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை,
அதுவும் என் உரிமைதானாம்.

"அபசாரி தரப்பில்
வேறேதாச்சும் சொல்றதுக்கு இருக்குதாம்மா?"
பேனாவை மூடப் போகிறார்.
காற்றில் தொட்டி லேசாக ஆடுகிறது.

"சித்தெ இருங்கய்யா" என்றேன்.