மாதிரி பதினேழு

சல்லடையைத் தூக்கினால்
அடியில் எப்போதும் கறுப்பாக ஒரு பிசின்.
மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தால்
துணிக்கு மாறும்,
துணியிலிருந்து விரலுக்கு,
விரலிலிருந்து டிபன் டப்பா மூடிக்கு.
மத்தியானம் சோற்றில் அதன் வாசனை.

நான் குடியிருப்பது காகிதப்பட்டறையில்.
பெயர்தான் அப்படி.
அங்கே யாரும் காகிதம் செய்து நான் பார்த்ததில்லை.
காகிதத்துக்கு இரண்டு பஸ் மாறி
பாலாற்றங்கரை மில்லுக்கு வரவேண்டும்,
கூழ்த்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும்.

பிசின் எங்கிருந்து வருகிறதென்று தெரியும்.
ஆஸ்பத்திரி ஃபைலில் ஒட்டிய பார்கோடு,
ஆம்பூர் ஷூ பெட்டியில் அளவு எண்,
கூரியர் உறையில் யாரோ ஒருவரின்
காட்பாடி விலாசம்.
ஒட்ட ஒரு நொடி.
பிரிக்க நான்.

ஒரு துளி தப்பிப் போனாலும்
சூட்டு உருளையில் ஏறி உட்கார்ந்து
ஈரத்தாளைக் கிழிக்கும்.
மெஷின் நிற்கும்.
கௌஸ் பாஷா சத்தம் போடுவார்,
வாயால் அல்ல, சாவிக்கொத்தால்.

சித்திரைக் கடைசியில்
ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து
தோளில் ஒரு சுருளோடு வந்தாள் தேவகிருபை.
பூச்சை மாற்றியிருக்கிறார்களாம்.
தண்ணீர் கண்டால் இளகும் பசை.
உரித்துப் போடும் பின்தாளின் வழவழப்பும்
இனிமேல் கூழோடு கூழாகுமாம்.
பதினேழாவது மாதிரி என்றாள்.
மற்ற பதினாறைப் பற்றி நான் கேட்கவில்லை.

இருபது நிமிஷம் கலக்கினோம்.
வடித்துத் தாளாக்கி, காயவைத்து,
நீலச் சாயத்தில் முக்கினோம்.
பசை இருக்கும் இடம் சாயம் குடிக்காது,
வெள்ளையாக முறைத்துக்கொண்டு நிற்கும்.
லென்ஸை வைத்து எண்ணவேண்டியது என் வேலை.

பழைய லேபிள் தாளில் அறுபத்தொன்று.
பதினேழில் நான்கு.
மறுபடி எண்ணினேன்.
ஐந்தாவதாகத் தெரிந்தது
லென்ஸில் ஒட்டிய தூசி.

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன்.
"வெயில்ல வெச்சுப் பார்க்கணும்க்கா" என்றாள்.

வேலூர் வெயிலுக்குப் பரீட்சை வைக்கத் தெரியும்.
தகரக் கூரைக்குக் கீழே ஆறு அட்டைப்பெட்டி,
ஆறிலும் லேபிள்.
பன்னிரண்டு மணிக்கு ஒழுங்காக இருந்தன.
இரண்டுக்கு ஒன்றின் மூலை
கன்றுக்குட்டிக் காது மாதிரி தூக்கியது.
மூன்றரைக்கு ஒரு பெட்டி மொட்டையாக நின்றது.
லேபிளைக் காணோம்.

தேவகிருபை பிஸ்கட்டைக் கடித்தபடியே
நோட்டில் எழுதினாள்:
விடத் தெரிந்துவிட்டது.
பிடிக்கத்தான் வரவில்லை.
கீழே கோடு போட்டு, 18.

என் டப்பாவின் அடியைத் திருப்பிக் காட்டினேன்.
பாத்திரக்கடை ஒட்டிய விலைச்சீட்டு,
ஏழு வருஷமாகப் பாதி.
நகம், தேங்காய் எண்ணெய், கொதிநீர்,
ஒருநாள் கோபத்தில் கத்தி.
இந்தப் பசையைச் செய்தவனைக் கூப்பிட்டு
உன் பக்கத்தில் உட்காரவைக்கணும் என்றேன்.
அப்போதுதான் சிரித்தாள்.

ஆறு மணிக்கு அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து
சல்லடை முன் குந்தினேன்.
லாரியில் நாளைய லோடு வந்து நிற்கிறது,
எல்லாம் பழைய பசை.

கேட்டருகே கௌஸ் பாஷா
ஒற்றைக்காலில் நின்று, செருப்பைக் கழற்றி,
அடியிலிருந்து எதையோ பிய்க்கப் பார்க்கிறார்.
காணாமல் போன லேபிள்.
வரவே மாட்டேன் என்கிறது.