ஆலா பார்க்கிறவன்

அமெரிக்காவில் ஓட்டல்கள் மூட
மண்டபத்தில் நண்டுக் கம்பெனி ஷட்டர் இறங்கியது.
எடை போடுகிறவனுக்கு எடை இல்லை.
மூன்றாம் நாள், பி.எஃப். எடுத்த ஆறாயிரத்தோடு
சந்தைக்குள் இறங்கினேன்.
எங்கள் வீட்டு மாடிப்படி பதினொன்று.
பதினொன்றாம் படியில் மட்டும் சிக்னல் இரண்டு கோடு.

பெயர் நம்புசேகர்.
இந்தக் கரையில் தெருவுக்கு நாலு நம்பு உண்டு.
சந்தைக்குள் இப்படி ஒரு பெயரோடு போனவன்
நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

முதல் வாரம் முழுக்கச் சிவப்பு.
ஏன் என்று செய்தி சொல்லும், சாயங்காலம்.
செய்தி கருவாடு.
மீன் எந்தப் பக்கம் என்று காட்டியது வேறொரு கோடு:
நாடு இன்றைக்கு எதைத் தேடுகிறது என்று
ஏறி இறங்கும் கோடு.

'காய்ச்சல்' என்று ஊர் தட்டினால்
மறுநாள் காலை வங்கிப் பங்கு வழுக்கும்.
'வாசனை தெரியவில்லை' ஏறினால்
விமானமும் சினிமாக் கொட்டகையும் தரையில்.
ஒரு மாத்திரையின் பெயரைத் தப்பும் தவறுமாக
லட்சம் பேர் தட்டினால்
அதைச் செய்கிற கம்பெனி பச்சை.
சாவுக் கணக்கு இல்லை இது.
சாவை எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள் என்ற கணக்கு.

பாம்பன் ரீகன் வள்ளத்தில் நின்றால்
தண்ணீரைப் பார்க்கவே மாட்டான்.
ஆலாவைப் பார்ப்பான்.
ஒரு ஆலா இறங்கினால் சும்மா இருப்பான்,
நாற்பது இறங்கினால் இன்ஜினை முடுக்குவான்.
சில நாள்
ஒன்றைப் பார்த்து ஒன்று இறங்கியிருக்கும்,
கீழே ஒரு தெர்மாகோல் துண்டு.
போன டீசல் போனதுதான்.

அடுத்த வருஷம் தடைக்காலம். படகெல்லாம் கரையில்.
ராத்திரி ஒன்றரைக்கு
எதிர்வீட்டு நூர்ஜமீலா கதவைத் தட்டவில்லை.
தெரு நடுவில் தள்ளி நின்று
"நம்பு, நம்பு" என்றாள்.
ஐஸ் வண்டி ஓட்டும் சீனி இபுறாகீமுக்கு
விரலில் மாட்டினால் எண்பத்திரண்டு.
"ஒங்க போன்ல பாருங்க தம்பி,
எங்கயாச்சும் பெட்டு இருக்கான்னு."

பதினொன்றாம் படிக்கு ஓடினேன்.
ராமநாதபுரம் ஆக்சிஜன் படுக்கை.
பரமக்குடி ஆக்சிஜன் படுக்கை.
சிவகங்கை.
சிலிண்டர் எங்கே கிடைக்கும்.
குப்புறப் படுத்தால் மூச்சு வருமா.
அதையே பிழையோடு இன்னொரு தடவை.
இன்னொரு தடவை.

நாலு மணிக்கு
சீனியின் வண்டியை ரீகன் எடுத்தான்.
ஐஸ் உருகிய ஈரம் காயாத பலகையில்
பாய் விரித்து
சீனி, குப்புற.

விடிந்தது. பழக்கதோஷம்,
ஒன்பதே காலுக்குக் கை தானாகத் திறந்தது.
தேடல் கோடு
கப்பலுக்கு விரிந்த பாலம் மாதிரி நட்டுக்குத்தலாக நின்றது.
அதில் எங்கேயோ மயிரிழை அளவு
என் நேற்றைய ராத்திரி.

பெயரில் ஆக்சிஜன் உள்ள ஒரு கம்பெனி.
காற்றை அடைப்பதை விட்டுப் பல வருஷம் ஆச்சாம்,
பெயரை மட்டும் மாற்றவில்லை.
போன வாரம் அதில் பத்துப் பங்கு வாங்கியிருந்தேன்,
கோட்டைப் பார்த்துத்தான்.
இன்று அது உச்சத்தைத் தொட்டு
அதற்கு மேல் விலை இல்லாமல் நின்றது.
வாங்க ஆயிரம் பேர். விற்க ஒருவரும் இல்லை.
எனக்கு நாலாயிரத்து நூற்றெண்பது.

பதினோரு மணிக்கு
ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நூர்ஜமீலா.
பின்னால் யாரோ பெயர் பெயராகக் கூப்பிடுகிற சத்தம்.
"எண்பத்தெட்டு தம்பி" என்றாள்.
"ஏறியிருக்குக்கா" என்றேன்.
"இன்னும் ஏறுமா?"

திரை பச்சையாக இருந்தது.
விற்கும் பொத்தானுக்கு மேலே
கட்டைவிரல்.
"ஏறும்" என்றேன்.
அவள் நம்பினாள்.