சும்மா இருக்கும் கணக்கு

எனக்கு மொத்தம் இரண்டே அடி.
முதல் அடிக்கு முன்னால்
நூற்றுப் பதினேழு சுற்று சும்மா இருக்க வேண்டும்,
மடியில் இரண்டு பித்தளைத் தட்டோடு.

சூலூர்ப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடம்,
ஞாயிறு மூன்று மணி.
சாம்பார் வாசம் போகாத பெஞ்சுகளில்
வயலின் எட்டு, செல்லோ ஒன்று,
நீட்டும்போதெல்லாம் ஷர்புன்னிசாவின் பின்னலைத் தட்டும்
அவிநாசியப்பனின் ட்ராம்போன்,
இன்னும் சிலர்.
நடுவில், கவிழ்த்த பால் கிரேட் மேல்
எப்சிபா.

முதல் நாளே கேட்டேன்:
ஏனுங்க, எல்லாரும் என்னமோ ஒண்ணு வாசிக்கறாங்க,
நீங்க என்னதானுங்க வாசிக்கறீங்க?
சிரிக்கவில்லை. யோசித்தார்.
"தெரியலீங்க. கண்டுபிடிச்சா சொல்லுங்க."

நான் சோமனூர்க்காரன்.
பன்னிரண்டு தறி ஒன்றாய் ஓடும் கொட்டகையில்
வாய் எதற்கும் உதவாது.
இழை அறுந்தால் ஒரு விரல்,
டீ வந்தால் கட்டைவிரல்,
முதலாளி வந்தால் மீசையை முறுக்க வேண்டும்.
கையைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
அவர் வலது கை கணக்கு.
இடது கைதான் பேச்சு:
சித்த பொறு,
இவளுக்கு வழி விடு,
அந்தச் சத்தம் அக்கட்டால போகட்டும்,
இப்ப நீ.

தை மாதம், மேடை.
நூற்றுப் பதினாறில் அடித்துவிட்டேன்.
கணவாய்க் காற்றில் தகரக் கூரை பெயர்ந்த மாதிரி.
தட்டுகளை நெஞ்சோடு அணைத்தேன்,
அதிர்வு விலா எலும்புக்குள் போனது.
முறைப்பார் என்று நிமிர்ந்தால்

இடது உள்ளங்கை திறந்து மெல்ல மேலே போகிறது,
நான் கீழே போட்டதை ஏந்திக்கொண்டு போவதுபோல்.
செல்லோக்காரர் பார்த்தார். ஷர்புன்னிசா பார்த்தாள்.
அவிநாசியப்பன் மூச்சை முழுசாக இழுக்காமலே
ஒரு சுற்று முன்னதாக ஏறினார்.
பதினாறு பேரும் ஒரு சுற்றைத் தாண்டிக் குதித்து
என் தப்புக்கு வந்து சேர்ந்தார்கள்.
முன்வரிசையில் ஒருவர்
கடலை உரிப்பதைக்கூட நிறுத்தவில்லை.

இரண்டாவது அடியை நான் எண்ணவில்லை.
எண்ணத்தான் மறந்துபோயிருந்தேனே.
அவர் புருவம் உயர்ந்தது; அடித்தேன்.

விளக்கெல்லாம் அணைத்த பிறகு பக்கத்தில் போய் நின்றேன்.
தப்பு என்னுதுங்க.
"போச்சாதுங்க. அந்தக் கிரேட்டை எடுத்து வெச்சீங்களா?
காலைல பால் பூத்துல திருப்பித் தரோணும்."

தூக்கினேன்.
காலி. ஒரு படி அரிசி கனம்கூட இல்லை.