காட்சிப்பொருள் எண் ஏழு

நகரி பஸ் நிலையத்தில்
மூன்றாம் பிளாட்பாரத்துச் சுவரைத்தான் கொடுத்தார்கள்.
பத்தொன்பது அடி. நடுவே ஒரு தண்ணீர்க் குழாய்,
மூலவியாதி நோட்டீஸ் ஒட்டிய தூண் ஒன்று.
தூணையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்
கண்ட்ரோலர் வரப்பிரசாத்.
சேர்த்துக்கொண்டோம்.
சுவரிலேயே தூரத்திலிருந்து தெரிகிற எழுத்து
அந்த மூலம்தான்.

தெலுங்குக்கு ஹேமாத்ரி, தமிழுக்கு நான்.
முதல் நாளே சண்டை.
எது மேலே எது கீழே என்றல்ல,
எந்த உயரத்தில் என்று.
நிற்கிறவன் கண்ணுக்கா
மூட்டைமேல் உட்கார்ந்தவள் கண்ணுக்கா?
யாருடைய வெங்காய மூட்டையிலோ
கேட்டுக்கொண்டு உட்கார்ந்து, டேப் பிடித்துப் பார்த்தோம்.
மூன்றடி நான்கு அங்குலம்.
மூட்டைக்காரர் இன்னும் ஓர் அங்குலம் குறைக்கச் சொன்னார்.

தெலுங்கு எழுத்துக்கு உச்சியில் ஒரு கட்டு உண்டு.
தலைக்கட்டு என்றே பெயர்.
நமக்குப் புள்ளி.
புத்தூர் என்று எழுதி நாம்
புள்ளி வைத்து இறங்கிவிடுகிறோம்.
அவர்கள் புத்தூரு என்று
இன்னும் ஓர் உகரம் தூரம் போகிறார்கள்.
டிக்கெட் ஒன்றுதான்.
இதைக் குறிப்பு அட்டையில் போடலாம் என்றேன்.
ஹேமாத்ரி சிரிக்கவில்லை.
புதுப் பஸ்ஸின் எல்.இ.டி. பலகையைக் காட்டினார்.
மேல்வரிசை விளக்குகள் செத்துப்போய்
எங்கள் புள்ளியும் அவர்கள் தலைக்கட்டும்
சேர்ந்தே அணைந்திருந்தன.
'புததூர' 'புததூர' என்று
திக்கிக்கொண்டே ஓடியது ஊர்.

எண் ஏழு,
ஏலத்துக்குப் போன பஸ்ஸிலிருந்து கழற்றிய தகரம்.
மஞ்சள்மேல் கறுப்பு, இரண்டு மொழியிலும் புத்தூர்.
ஆணி ஓட்டைகளை அடைக்கவில்லை.
மேலே ஒரு விளக்குப் போட்டோம்.
அதுதான் தப்பு.

திறப்பு நாள் காலை
பொதட்டூர்பேட்டையிலிருந்து குணவதி வந்தார்.
கூடவே கை முறிந்த பையன்.
நேராக வந்து ஏழின் கீழே நின்றார்.
அவருக்குப் பின்னால் கால் வீங்கிய தறிக்காரர்,
தோள்பட்டை இறங்கிய கல்லூரிப் பெண்,
இடுப்பைப் பிடித்தபடி ஒரு ஜோடி.
புத்தூர் கட்டுக்குப் போகிற எலும்புகள் எல்லாம்
எங்கள் விளக்கடியில் வரிசை கட்டின.
அம்மா, இது கண்காட்சி என்றேன்.
எத்தனை மணிக்கு? என்றார்.

எழுதி ஒட்டினோம், இருப்பதிலேயே பெரிய அளவில்:
இங்கே பஸ் நிற்காது.
ஹேமாத்ரி தெலுங்கில் இன்னும் தடிமனாக.
அதன்மேல் சாய்ந்துகொண்டார் தறிக்காரர்.
ஒன்றாம் பிளாட்பாரத்தில்
திக்கித் திக்கி நின்ற அசல் பஸ்
பாதி காலியாகக் கிளம்பிப்போனது.
தகரத்தைக் கழற்றிவிடலாம் என்று
நான் ஸ்டூல் போட்டு ஏறினேன்.
வரிசை மொத்தமும் என்னைப் பார்த்தது,
ஓடுகிற பஸ்ஸின் பலகையை
யாரோ பிடுங்குவதுபோல்.
இறங்கிவிட்டேன்.

கண்ட்ரோலர் வந்து சுவரைப் பார்த்தார்,
வரிசையைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை.
விசில் ஊதினார்.
அடுத்த புத்தூர் வண்டி
முனகிக்கொண்டே பின்னால் வந்து
எங்கள் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

பையனை ஜன்னலோரம் உட்காரவைத்தார் குணவதி.
கைக்குக் கட்டியிருந்தது டி.வி. பெட்டி அட்டை.
அதில் உடையும் கோப்பைப் படம்,
மேலே பார்த்து இரண்டு அம்பு.
கட்டியவர் தலைகீழாகக் கட்டியிருந்ததால்
அம்புகள் இரண்டும் விரல்களைக் காட்டின.
அதைப் படம் எடுக்கவா என்று ஹேமாத்ரி கேட்டார்.
வண்டி நகர்ந்துவிட்டது.

மாலையில் எங்கள் பெரிய எழுத்துக்குக் கீழே
யாரோ சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்:
4.40, 6.15, கடைசி 8.

பதிவேட்டில் திருத்தினேன்.
எண் ஏழு. தகரம், எனாமல் பெயின்ட்.
மூன்றடிக்கு ஒன்பது அங்குலம்.
நிலை: ஓடுகிறது.