ஏழுக்கு எத்தனை

வால்டிவியாவில் ஜூன் மழை நிற்பதில்லை,
மூச்சு வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.
விறகடுப்பில் கெட்டில் முனகுகிறது.
மேசையில் முப்பத்தெட்டுத் தாள்கள்.
கீழே ஆற்றங்கரையில்
மீன்சந்தை மூடிய பிறகும்
கடற்சிங்கங்கள் குரைக்கின்றன,
கேள்வியைப் படிக்காமலே
விடை எழுதுகிறவர்களைப் போல.

கேள்வி நான் கொடுத்ததுதான்:
கதையின் இறுதியில் வரும் மஞ்சள் மழைக்கோட்டு
எதன் குறியீடு? சான்றுடன் விளக்குக.

நாலு பக்கக் கதை.
படகு போகிறது. படகு வரவில்லை.
ஒன்பதாம் நாள் அவன் மனைவி
உள்ளே கிடந்த கோட்டை எடுத்து
கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டுகிறாள்.
அதோடு முடிந்தது.
பத்தொன்பது வருடமாக நடத்துகிறேன்.
அந்த வரி வரும்போது குரலைத் தாழ்த்துவேன்.
எந்தச் சொல்லில் தாழ்த்த வேண்டுமென்று
புத்தக ஓரத்தில் பென்சிலால்
குறித்தே வைத்திருக்கிறேன்.

மஞ்சள் நம்பிக்கையின் குறியீடு. 5.4.
மஞ்சள் மரணத்தின் குறியீடு. 5.4.
மஞ்சள் சூரியன், சூரியன் கடவுள், கடவுள் கைவிட்டார்:
யாஸ்னா, மூச்சு விடாமல், ஒரே வாக்கியத்தில். 6.1.
அடுத்தடுத்த இருக்கையில் இருவர்;
இருவர் நம்பிக்கையிலும்
ஒரே எழுத்துப் பிழை.
ஃபக்குண்டோ முதல் பக்கத்தைத் தாண்டவில்லை,
"ஆகவே இது மிக அழகான கதை" என்கிறான்.
ஆகவே என்ற சொல்லை
இந்த நாட்டில் யாராவது தடை செய்தால் தேவலை.

இருபத்தேழாவது தாள்.
யெர்கோ ஆன்டிநாவோ.
நியெப்லாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவன்,
கடைசி வரிசை, சட்டைக்கையில் டீசல் வாசம்.
அரைப் பக்கம்தான்:

"அந்தக் கோட்டு மஞ்சளில்தான் கிடைக்கும்.
கொர்ரால் கடையில் வேறு நிறம் வைப்பதில்லை.
தண்ணீரில் விழுந்தால் தெரிய வேண்டும், அதற்காக.
அவர் அதைப் போடாமல் போயிருக்கிறார்.
அதனால்தான் காணவில்லை."

முன்னுரை இல்லை. முடிவுரை இல்லை.
குறியீடு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

பழக்கம், கை முந்திக்கொண்டது:
சான்று எங்கே? என்று ஓரத்தில் எழுதிவிட்டேன்.
பிறகு எழுந்துபோய்க் கதையை எடுத்தேன்.
இரண்டாம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி.
விடியலில் வானம் தெளிந்திருக்கிறது,
அவன் கம்பளிச் சட்டையோடு இறங்குகிறான்.
பத்தொன்பது வருடம்
இந்த வரியை வேகமாகக் கடந்திருக்கிறேன்,
குரல் தாழ்த்தும் இடத்துக்குச்
சீக்கிரம் போய்ச் சேர.

அப்படியானால் அவள் வெளியே மாட்டியது
துக்கத்தை இல்லையோ.
பார், இங்கேதான் கிடந்தது என்று
துறைமுகத்துக்கே தெரியும்படி
ஒரு திட்டோ?
அவன் அதை எழுதவில்லை.
அவனுக்காக நான் எழுதக் கூடாது.

கருத்து, சான்று, கட்டமைப்பு, மொழி.
நாலு கட்டம்.
மூன்றாவதில் சுழி போட்டுக் கூட்டினால்
ஏழுக்கு 3.8 வருகிறது.
நாலு வாங்கினால்தான் தேர்ச்சி.

சிவப்பு மை அழியாது.
சான்று எங்கே என்பதன் கீழே
பக்கம் 2 என்று நானே பதில் எழுதினேன்.
மொத்தக் கட்டம் இன்னும் காலி.

அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு
இருபத்தெட்டாவதை எடுத்தேன்.
மஞ்சள் என்பது நம்பிக்கையின்

கதவருகே என் கோட்டு சொட்டிக்கொண்டிருக்கிறது.
கறுப்பு.
விலை குறைவாக இருந்தது, வாங்கினேன்.